டோன் அன்செல்மோ உயிரோடு இருக்கிறார்

டெலிபோன் அலறியது.

மிர்த்தா எடுத்தாள். உருகுவேயின் பைசாண்டு நகரத்து ஓய்வூதிய அலுவலகத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள்.

"போன மாசம் நீ நேர்ல பார்த்து, உயிரோட இருக்கார்னு கையெழுத்துப் போட்டியே... அன்செல்மோ தெச்சேரா..." மேலதிகாரி கெர்வாசியோவின் குரல் இறங்கியிருந்தது. "அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு."



செத்தவர் கையால் அல்லவா அவள் மாத்தே இலைத் தேநீர் வாங்கிக் குடித்தாள்!

அரசு இந்த வருஷம் பென்ஷன் பட்டியலை முழுசாகச் சலித்துக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு நேரில் வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது மிர்த்தாவின் வேலை. அன்செல்மோ, ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு அக்கரையில், அர்ஜென்டினாவில், தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அக்கரைச் சாவு இக்கரை அலுவலகத்துக்கு இப்போதுதான் நீந்தி வந்து சேர்ந்திருக்கிறது.

"அடையாள அட்டையப் பார்த்தியா, இல்லையா?"

பார்க்கவில்லை.

நுழைந்ததும் மாத்தே ஊறும் சுரைக்குடுக்கையை, உறிஞ்சுகுழலோடு, கையில் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் வீட்டு மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே, 'நீ யார், அட்டையைக் காட்டு' என்று எந்த உருகுவேக்காரிக்கு வாய் வரும்? அதுவும், அந்தக் கிழவரும் வீட்டுக்காரியும் ஒரே குழலில் மாற்றி மாற்றிக் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு... மாத்தே நன்றாக இனித்தது. அது மட்டும் ஞாபகம் இருந்தது.

நாளைக்குப் போலீஸ் போகும், ஆள்மாறாட்டம் செய்த கிழவன் உள்ளேதான் என்று சொல்லிவிட்டு கெர்வாசியோ போனை வைத்தார்.

மிர்த்தா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி அந்த வீட்டுக்கு விட்டாள்.

போன மாசம் பார்த்த அதே கிழவர் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என் பேர் தூலியோ, அம்மா. பக்கத்து வீடு."

ஒளிக்கவில்லை. சொன்னார்.

புருஷன் செத்த சேதி கேட்டதும் டோன்யா ஓடிலா காய்ச்சலில் விழுந்தாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, ஞாபகம் சிதறிப்போனாள். அன்செல்மோ எங்கே என்று கேட்பாள். தூலியோ சொல்வார். அப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். தூங்கி எழுந்து மறுபடியும் கேட்பாள், மறுபடியும் அதே அழுகை. அடுத்த நாள் காலையில் அவரையே பார்த்து 'அன்செல்மோ' என்று கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை அந்தச் சாவைச் சொல்ல எனக்கு நாக்கு வரலம்மா. அன்னியிலேர்ந்து அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உட்காருறேன். பென்ஷன் பேங்க்லயே கிடக்கு, யாரும் தொடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, வரேன். அவர் செத்துட்டார்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மிர்த்தா எத்தனையோ பித்தலாட்டக்காரர்களைப் பிடித்தவள்தான். இப்படி ஒரு குற்றவாளியை அவள் பார்த்ததில்லை.

உள்ளே ஓடிலா சுரைக்குடுக்கையில் இலையை நிரப்பிக்கொண்டிருந்தாள். மிர்த்தாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பேக்கரியில் சூடாக ரொட்டி வாங்கி வரச் சொல்லி 'அன்செல்மோ'வை அனுப்பினாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஓடிலா இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டாள்.

என்ன பேசுவதென்று தெரியாமல் மிர்த்தா கேட்டு வைத்தாள். "அவருக்கு இனிப்பு ரொம்பப் பிடிக்குமோ?"

"அன்செல்மோவுக்கா? மாத்தேல சர்க்கரை பட்டா வாசல்ல போய்த் துப்பிட்டு வருவார். தூலியோவுக்குத்தான் இனிப்பு இல்லாம இறங்காது."

தூலியோ!

மிர்த்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு... தெரியுமா?"

"ஒரு குளிர்காலம் பூரா புத்தி கலங்கித்தான் கிடந்தேன்மா. அப்புறம் தெளிஞ்சுடுச்சு. ஒருநாள் காலைல பார்த்தா, என் புருஷன் சட்டையில தூலியோ உட்கார்ந்திருக்கார். அன்னிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, அவருக்குக் கேக்காம அழுதேன்."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா அவர் எழுந்து தன் வீட்டுக்குப் போகணுமே... அந்த வீட்ல அவருக்கு யாரிருக்கா?"

சுடுநீரை ஓடிலா நிதானமாக ஊற்றினாள். கண் நிரம்பி வழிந்தது.

மிர்த்தா எல்லாவற்றையும் சொன்னாள். போலீஸ், ஜெயில், நாளை. பிறகு பேனாவை எடுத்தாள். அவர் தன்னை அன்செல்மோ என்று சொன்னதே இல்லை, கேட்கவேண்டிய நான் கேட்கவும் இல்லை, தவறு என்னுடையது என்று எழுதப்போவதாகச் சொன்னாள். வேலை போனால் போகட்டும்.

"ஆனா அன்செல்மோ இறந்ததை நான் பதிஞ்சாகணும், டோன்யா ஓடிலா."

வாசலில் செருப்புச் சத்தம். ரொட்டி வாசனை. ஓடிலா அவசரமாக இடுப்பில் கட்டிய சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்துட்டார்னே எழுதிக்கோம்மா..."

கண்ணால் வாசலைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும்னு இவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே!"