தலையில்லாத மயில்கள்

மயில்களுக்குத் தலை இல்லை.

ஐயம்பேட்டை கொட்டகையில் நான்கு தறிகளிலும் கல்யாணப் புடவைகள். நான்கின் ஜரிகை பார்டரிலும் மயில்கள் வெறும் கழுத்தோடு நின்றன. நெசவாளர்கள் கவனிப்பதற்குள் ஒரு முழம் ஓடிவிட்டது. பிரித்தால் பட்டு தாங்காது.

"இன்னிக்கு யாரும் புது புரோகிராம் அனுப்பக் கூடாது மேடம். ஆனா காலைல ஒண்ணு வந்திருக்குது. எங்க புரோகிராமர் கண்ணாயிரம் பேர்ல, கண்ணாயிரம் பாஸ்வேர்டுல," என்றார் அஹமது பாஷா. தறியில் டிசைனை எடுக்கும் ஜக்கார்டு பெட்டிகளை இயக்கும் மென்பொருளைச் செய்யும் சின்ன நிறுவனம் அவருடையது. "அந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பறேன். கேஸும் போடுங்க."

சைபர் கிரைம் எஸ்.ஐ. பிரவீனா ஐந்தாவது தறியருகே நின்றாள். அதில் பாவு நூல் நெய்யப்படாமல் அப்படியே கிடந்தது.

"இது ஏன் கெடல?"

"பழைய பெட்டி மேடம். காலைலேர்ந்து ஸ்டார்ட்டே ஆவல. வயசாயிடுச்சு."

"நேத்து சாயந்தரம் வரைக்கும் ஜம்முனு ஓடிச்சும்மா," என்றாள் அதன் நெசவாளி ஜெயம்மாள். "பொல்லாப்பு சொல்லாதீங்க."

பகல் பன்னிரண்டு மணி. பாஷாவின் காஞ்சிபுரம் அலுவலகம். மூன்று மேஜை, மூன்று பேர்.

"நான் எதுவும் அனுப்பலைங்க," என்றார் கண்ணாயிரம். விரல்கள் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தன. "காலைலேர்ந்து இந்த சீட்டை விட்டு எழுந்திருக்கல."

"பாஸ்வேர்டு?"

"மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்காரு," என்றாள் டிசைன் வரையும் நதியா. "ஊருக்கே தெரியும். நான் வரைஞ்ச மயிலுக்குத் தலை இருக்குது மேடம், பாத்துக்குங்க."

மூன்றாவது மேஜையிலிருந்த இளம் புரோகிராமர் ஜோசுவா சிரித்தான். "எல்லாம் அந்தக் கம்பைலர் வேலை மேடம். நாங்க எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறது கம்பைலர். இவரு வச்சிருக்கறது மியூசியம் ஐட்டம். பெரிய டிசைன் குடுத்தா கணக்கை விட்டுடும். என் லேப்டாப்ல புதுசு ஓடிக்கினு இருக்குது. ஒரு தப்பு உண்டா?"

"உனக்கென்னப்பா, சொல்லிட்டுப் போயிடுவ," என்றார் கண்ணாயிரம். "ஜெயம்மா பெட்டிக்குப் புதுசு ஒத்துக்காது. அதான் மாத்தல."

"எட்டு மாசமா இதே கதைதான் சார்! சாக்கு."

பிரவீனா எழுந்தாள். "எல்லாரும் ஐயம்பேட்டைக்கு வாங்க. ஜோசுவா, அந்த ஷெட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"எனக்கென்ன மேடம் அங்க வேலை?"

கொட்டகையில் ஜெயம்மாளின் பெட்டியில் முந்தைய நாள் புரோகிராமை ஏற்றச் சொன்னாள் பிரவீனா. கண்ணாயிரம் ஏற்றினார். கொக்கிகள் படபடவென ஏறி இறங்கின. மயில் தலையோடு வந்தது.

"பெட்டிக்கு வயசாகல. இப்ப இன்னிக்குக் காலைல வந்ததை ஏத்துங்க."

கொக்கிகள் அசையவில்லை. இந்தப் பெட்டியில் இது ஓடாது என்று மட்டும் சின்னத் திரை சொன்னது.

"கெட்டுப்போன நாலு தறியையே பார்த்துக்கிட்டு இருந்தோம். நெய்யாத தறிதான் சாட்சி," என்றாள் பிரவீனா. "பழைய கம்பைலர்ல செஞ்சது எதுவா இருந்தாலும், தப்பானதா இருந்தாலும், இந்தப் பெட்டி ஓட்டியிருக்கும். அஞ்சாவது மயிலுக்கும் தலை போயிருக்கும். ஓடலைன்னா, இது புதுசுல செஞ்சது. ஆபீஸ்ல புதுசு யார்கிட்ட இருக்கு?"

பாஷா மெதுவாக ஜோசுவா பக்கம் திரும்பினார்.

ஜோசுவா ஓரடி பின்வாங்கினான். "பழசு அவரு மெஷின்ல மட்டும்தான் இருக்குது. அவரு எழுந்திருக்கவே இல்ல..."

"அதனால உங்க லேப்டாப்லயே மயில் தலையை வெட்டிச் செஞ்சு, அவர் பாஸ்வேர்டுல அனுப்பினீங்க. அவர் சொன்ன காரணத்தை சாக்குன்னு நெனச்சது தப்பாப் போச்சு."

"நான் சொன்னா யாரு கேட்டாங்க மேடம்? ஒரு தடவை அடிபட்டாத்தான் மாத்துவாங்கன்னு..."

"அடிபட்டது நாலு கல்யாணப் பொண்ணுங்கப்பா," என்றாள் ஜெயம்மாள்.

ஜோசுவாவை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. பாஷா தயங்கித் தயங்கி கண்ணாயிரத்தின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடுங்க கண்ணாயிரம். உங்க கம்பைலர் மேல இனி யாரும் கை வைக்க மாட்டாங்க."

"எம்பெட்டி மேலயும்," என்றாள் ஜெயம்மாள் பெருமையாக.

கண்ணாயிரம் பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"இல்லக்கா. இந்தப் பெட்டியை மாத்திட்டு நாளைக்கே புது கம்பைலருக்குப் போறோம். பையன் செஞ்சது அயோக்கியத்தனம். சொன்னது அயோக்கியத்தனம் இல்ல."