ஐந்து கிலோ காணவில்லை!

போன் அலறியது.

மருந்து கலக்கும் அறையில் பார்மசிஸ்ட் எடுத்தார்.

"கலக்காதீங்க! நிறுத்துங்க!" கீழ்த்தள வார்டின் தலைமை நர்ஸ். "மூணாம் கட்டில் ஆளுக்கு அஞ்சு கிலோ காணோம்!"

"எப்ப இருந்து?"

"கால் மணி நேரமா!"

புற்றுநோய்க்கு உடம்பை உருக்கத் தெரியும். ஆனால் கால் மணி நேரத்தில் ஐந்து கிலோவா? அதற்கே மூச்சு வாங்கிவிடும்!

மூன்றாம் கட்டில்காரர் டயர்க்கடையில் சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்ப்பவர். தொண்டைப் புற்று. குரல்வளையை எடுத்தாயிற்று, பேச்செல்லாம் சிலேட்டில்தான். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி எட்டு மாதம் கைகொடுத்தது. பிறகு கைவிட்டது... கழுத்துக் கட்டி மறுபடி வளர்ந்தது. இன்று வேறு மருந்து ஆரம்பம். இதையும் விட்டால் வலி மாத்திரைதான்.

வாசல் தராசில், சொந்த உடையில், ஐம்பத்திரண்டு கிலோ.

ஆஸ்பத்திரி அங்கிக்கு மாறியதும் நாற்பத்தேழு!

நர்ஸ் அவர் கழற்றிப் போட்ட சட்டை, பேன்ட்டைத் தூக்கினாள். கனத்தன. விளிம்பைப் பிரித்தாள்.

பொலபொலவென்று ஈய வில்லைகள்!

"யார் வேலை இது?"

பக்கத்தில் இருந்த மனைவி தலையைக் குனிந்தாள். திரைச்சீலை தைப்பவள்.

"நான்தான் சிஸ்டர்... திரை பறக்காம இருக்க விளிம்புல வெச்சுத் தைக்கிற ஈயம். எடை அம்பதுக்குக் கீழ போனா மருந்து தாங்காதுன்னு போன வாரம் இங்க சொன்னாங்க. பயந்துட்டேன். இவரை விட்டா எனக்கு யாரு?"

"அளவே எடையைப் பார்த்துத்தான்மா! பொய் எடைக்கு ஏத்துனா நோய்க்கு முன்னால மருந்தே ஆளைப் படுத்திடும்!"

ஈயத்தைத் தராசில் கொட்டினாள். இரண்டு கிலோ.

"மீதி மூணு?"

"சத்தியமா ரெண்டுதான் சிஸ்டர்!"

நர்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பெல்ட்! உள்பக்கம் முழுக்க ஈயப் பட்டைகள், பசை போட்டு, அடுக்கடுக்காக...

"ஐயையோ, இது சக்கரத்துல பேலன்ஸுக்கு ஒட்டுற ஈயம், இவர் கடைச் சாமான்!" என்றாள் மனைவி.

டயர்க்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சிலேட்டில் எழுதினார். 'நீ சொன்னியா?'

அவள் வாய் விட்டு அழுதாள்.

அப்போது டாக்டர் உள்ளே வந்தார்.

"சிஸ்டர், மருந்தை ரத்து பண்ணுங்க. இனிமேலும் வேண்டாம்."

"டாக்டர்...!" என்றாள் மனைவி.

"காலையில வராந்தாவுல பார்த்தேன்மா. பத்தடிக்கு ஒரு தரம் நிக்கிறார். எடை குறைஞ்சா அளவைக் குறைச்சுப் போட்டுடுவேன். நடக்கவே தெம்பில்லாத உடம்புல எப்படி ஏத்துறது?"

நர்ஸ் பெல்ட்டையும் ஈயத்தையும் டாக்டர் கையில் வைத்தாள்.

டாக்டரின் கை சரேலென்று இறங்கியது.

"இதோடவா... நடந்தார்?"

"ஆமா டாக்டர். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம."

"எந்திரிங்க. நடங்க."

டயர்க்காரர் வராந்தாவின் கோடி வரை போனார். திரும்பினார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை!

டாக்டர் போனை எடுத்தார். "நாற்பத்தேழு கிலோவுக்குக் கலக்குங்க." மனைவியிடம் திரும்பினார். "கட்டியை அழிச்சிடும்னு சொல்ல மாட்டேன்மா. அடக்கிப் பார்க்கலாம்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இப்ப நடை எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

டயர்க்காரர் சிலேட்டைத் துடைத்து எழுதினார்.

'நான் ரெண்டு பக்கமும் சமமாத்தான் வெச்சேன். இவ கை வெச்சதுலதான் பேலன்ஸ் போச்சு!'