மடித்து ஒட்டிய ஓரம்

விற்பனைக்கு நின்ற அந்த வீட்டு வண்டி புத்தம் புதியது. மெத்தைக்குப் போட்ட பாலிதீன் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அடுப்பின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. பசை வாசனையும் பலகை வாசனையும் யூமா நகரத்து அக்டோபர் வெயிலில் ஒன்றாக வெந்து, மூக்கு வழியே நுழைந்து கண் வழியே நீராக வெளியேறிக்கொண்டிருந்தன. அப்பேர்ப்பட்ட வண்டியின் பின்பாதியில், மணல்மேட்டில் ஓட்டி விளையாடும் சின்ன மணல்வண்டிகளை ஏற்றி நிறுத்துகிற கொட்டகைப் பகுதியில், முழங்கால் உயரத்தில் சுவரில் பதித்திருந்த அலாரம் பெட்டியின் மேல் சாம்பல் நிற டேப் ஒன்று ஒட்டியிருந்தது.

ஒட்டியிருந்ததுகூடப் பெரிதில்லை. அதன் வலது கீழ் ஓரம் நகத்தளவுக்கு உள்ளே மடித்துவிடப்பட்டிருந்தது.

வெண்டல் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். முப்பது வருடம் அரிசோனா வீடுகளின் கூரைக்குள் தவழ்ந்து ஏசி குழாய்களுக்கு டேப் சுற்றிப் பிழைத்தவன் அவன். திரும்ப உரிக்கும்போது நகம் நோகக் கூடாதென்று ஓரத்தை மடித்துவிடுவது அவனுடைய வழக்கம். வாழ்க்கையில் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான் என்று மனைவி நொரீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வேறொரு ஆள் அப்படி மடித்து அவன் பார்த்ததில்லை.

"என்ன, முட்டி பிடிச்சுக்கிச்சா?" முன்பாதியின் சமையலறையிலிருந்து நொரீன் கேட்டாள். "எந்திரிக்க முடியலன்னா சொல்லு. மெர்ல் கிட்ட பாரந்தூக்கி இருக்கும்."

"அறுபது தாண்டினவங்களுக்கு அது இலவசம்ங்க," என்றார் விற்பனையாளர் மெர்ல், தொப்பியால் விசிறிக்கொண்டே.

வெண்டல் சிரித்துவைத்தான். மடித்த ஓரத்தைப் பிடித்து இழுத்தான். நோகாமல் வந்தது. உள்ளே வெறும் பெட்டி. மின்சாரம் கொடுக்காத பச்சை விளக்கு செத்த மீனின் கண் மாதிரி இருந்தது. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கொதிக்கிற அந்த வண்டிக்குள் அந்த ஒரு துண்டு மட்டும் சில்லென்று இருந்தது.

"இது வேணாம்," என்றான்.

"ஏன்?"

"தண்ணித் தொட்டி சின்னது."

"நீ குளிக்கிற லட்சணத்துக்கு இது மூணு வருஷம் வரும்."

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வாரத்தில் யூமாவில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். மாநில எல்லை தாண்டி மணல்மேட்டில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் முக்கிப் பொரித்து, பகல் முழுக்க மணலில் பறந்து, பல்லிடுக்கெல்லாம் மண்ணோடு திரும்பி வருவார்கள். இரண்டு வருடம் முன்பு வரை இவர்களும் அப்படித்தான். வெண்டல், நொரீன், நொரீனின் தம்பி கிப். இந்த வருடம் போகப்போவது இரண்டு பேரும் ஒரு ஜாடிச் சாம்பலும். கிப்பை அவனுக்குப் பிடித்த மேட்டின் உச்சியில் தூவ வேண்டும். அதுவும் அவனுடைய மஞ்சள் மணல்வண்டியில் வைத்து ஏற்றிக்கொண்டு போய். ஆகவே மூன்று மணல்வண்டிகள் கொள்கிற கொட்டகை வேண்டும். இது நொரீனின் கணக்கு.

"நான் சொல்றதக் கேளு," என்றான் வெண்டல், அடுத்த வண்டிக்கு நடக்கும்போது. "சாதா வண்டி ஒண்ணு போதும். பின்னாடி திறந்த டிரெய்லர் ஒண்ணக் கட்டி மணல்வண்டிங்கள அதுல ஏத்திக்கலாம். அதுங்க வெளிய, நாம உள்ள. பெட்ரோல் வாசனையே கிடையாது."

"கிப்போட வண்டி வெளிய கிடக்காது."

"பூட்டுப் போடலாம்."

"வெளிய கிடக்காதுன்னேன்ல."

அவள் குரல் கொஞ்சம் தழைந்திருந்தது. வெண்டல் வாயை மூடிக்கொண்டான். இரண்டு வருடமாக அவன் மிக நன்றாகச் செய்துவருகிற வேலை அதுதான்.

கொட்டகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த அலாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேஸ் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்து ஒரே பெட்டி. மணல்வண்டியின் டாங்கியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஆவி பட்டால் போதும், குழந்தையைக் கிள்ளிவிட்ட மாதிரி வீறிடும். இரவு இரண்டு மணிக்கு ஒருதரம், மூன்று மணிக்கு ஒருதரம். அதனால் மணல்மேட்டுக்காரர்களில் பாதிப் பேர் அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிட்டுத் தூங்குவார்கள். ஊருக்குத் திரும்பியதும் உரித்துவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இரண்டு வருடம் முன்பு, கிப் கொட்டகையில் தூங்கிய அந்த இரவு காற்று திசை மாறியது. ஜெனரேட்டரின் புகை, கிப் பாதி திறந்துவைத்திருந்த ஜன்னல் வழியே கொட்டகைக்குள் திரும்பியது. காலையில் காபியோடு கதவைத் திறந்தபோது தொங்குகட்டிலில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கன்னமெல்லாம் ரோஜா நிறம், அப்போதுதான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த பையனைப் போல. ஒரு கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வெண்டல் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு முதலில் டேப்பை உரித்தான். அதற்கப்புறம்தான் கத்தினான்.

அலாரம் வேலை செய்யவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம், அலாரம் செய்த கம்பெனிக்கு நொரீன் எழுதிவருகிறாள். 'என் தம்பி உங்களை நம்பித் தூங்கினான்' என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். தபால்தலை வாங்கி வந்து, நாக்கில் நனைத்து, ஓரம் கோணாமல் ஒட்டித் தருவது வெண்டல்.

இரண்டாவது வண்டி, பிக்கப் லாரியின் முதுகில் கொக்கி மாட்டி இழுக்கிற ரகம். முன்பாதியில் வீட்டில் இருப்பதைவிடப் பெரிய சமையலறை. அதில் நொரீன் சூடு பண்ணப்போவது என்னவோ டப்பா பீன்ஸ்தான். அவளும் மெர்லும் அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் கொட்டகைக்கு வந்தான். ஜன்னல் திரைகள் இறக்கியிருந்தன. கறுப்பு ரப்பர் தரை வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டிருந்தது. சுவரைப் பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தான்.

சாம்பல் டேப். வலது கீழ் ஓரம் மடித்து.

"மெர்ல், இந்த அலாரத்து மேல கம்பெனியிலயே எதாச்சும் ஒட்டி அனுப்புவாங்களா?"

மெர்ல் எட்டிப் பார்த்தார். வெண்டலின் விரல் தொட்டுக்கொண்டிருந்த இடத்தையே நேராகப் பார்த்தார். "ஒண்ணும் ஒட்டலையே? சும்மா ஜம்முனு இருக்கு. அஞ்சு வருஷம் கேரண்டி."

அவர் போனதும் உரித்தான். இதுவும் சில்லென்று இருந்தது. நிமிர்ந்தபோது தொங்குகட்டில் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. உறை பிரிக்காத மெத்தை. அதன் நடுவில், பாலிதீன் நசுங்கி, ஒருக்களித்துப் படுத்த உடம்பின் பள்ளம். தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால். பள்ளத்தின் அடியில் பொடிமணல், இன்னும் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

"இதுவும் வேணாம்!"

"இதுக்கு என்ன கேடு?"

"எடை. பின்பாரம் அதிகமானா வண்டி வாலாட்டும்."

"உன்னக் கட்டிக்கிட்டதுலேருந்து என் வாழ்க்கையே வாலாட்டுது. அதுக்கென்ன பண்ண?" என்றாள் நொரீன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்து, கோபித்துக்கொண்ட மாதிரியே அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "வெயில் ஒத்துக்கல உனக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிடலாம்."

மூன்றாவது தானே ஓடுகிற மோட்டார் வீடு. இழுக்க வேண்டாம், கொக்கி வேண்டாம். முன்னால் ஓட்டுநர் இருக்கை, நடுவில் வீடு, பின்னால் கொட்டகை. மூன்று மணல்வண்டிகளை நிறுத்திய பிறகும் நடக்க இடமிருக்கும். நொரீன் உள்ளே கால் வைத்ததுமே, "இதுதான்," என்றாள். வெண்டலுக்கும் தெரிந்தது. சொல்வதற்குக் குறையே இல்லாத வண்டி. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா வேர்த்துக் கொட்றாங்க. ஜெனரேட்டரப் போட்டு ஏசி விடுறேன்," என்றார் மெர்ல். "பின்கதவையும் சாத்திடுறேன், குளிர் வெளிய போகாது. நான் ஆபீஸ் போயி காகிதமெல்லாம் எடுத்தாரேன். நிதானமா பாருங்க."

சாய்பலகையாகக் கீழே கிடந்த பின்கதவு, முனகிக்கொண்டே எழுந்து வந்து பொருந்தியது. வெளியிலிருந்த வெயில் ஒரு கோடாகச் சுருங்கி, நூலாகி, போயே போய்விட்டது. தரைக்கடியில் ஜெனரேட்டர் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்த ஓசை வெண்டலின் பாதம் வழியே ஏறிப் பற்களில் உட்கார்ந்தது. பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடப் படாத அந்தக் கொட்டகையில் பெட்ரோல் வாசனை வந்தது. அதோடு பொரித்த வான்கோழி வாசனை. அதோடு, கிப் மெல்லும் மலிவான புதினா சூயிங்கம்.

நொரீன் தொங்குகட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். பாலிதீன் மொறுமொறுத்தது.

"கிப்புக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கும்," என்றாள். "காலு நீட்டலாம்."

"இறங்கு, நொரீன்."

"இரு. வெண்டல், ஒண்ணு கேக்கவா?"

"என்ன?"

"அவன் போனதுலேருந்து நீ என்கிட்ட ஒரு முழு வார்த்தை பேசல. கேலி பண்றே, சரி. நான் அதச் சொல்லல." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா? இப்ப சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். கோவிச்சுக்குவேன், ஆனா எந்திரிச்சுப் போக மாட்டேன்."

அவன் பார்த்தான். சுவரில், முழங்கால் உயரத்தில். சாம்பல் டேப். மடித்த ஓரம்.

நான்தான் ஒட்டினேன். இரண்டே சொல். நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. அவளுடைய கடிதங்களின் முதல் வரி ஞாபகம் வந்தது. அடுத்த கடிதத்தில் அந்த வரியை யாருக்கு எழுதுவாள்?

"ஒண்ணுமில்ல," என்றான் வெண்டல். "வெயில்தான்."

நொரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி," என்றாள் நொரீன்.

அப்போது கட்டில் நகர்ந்தது. அதை ஏற்றி இறக்கும் சுவர்ப் பொத்தானை யாரும் தொடவில்லை. இரண்டு பக்கத்துச் சங்கிலியும் கிர்ர்ரென்று சுற்ற, கட்டில் அவளோடு மெதுவாகக் கூரையை நோக்கி ஏறியது.

"நொரீன், இறங்கு!"

"நல்லா ஆட்டுது..." சிரித்தாள். குரல் குழைந்திருந்தது. "தலை லேசா வலிக்குது. தூக்கம் வருது வெண்டல்... ஒரு அஞ்சு நிமிஷம்..."

பொத்தானை அழுத்தினான். அசையவில்லை. பின்கதவின் கைப்பிடி திரும்பவில்லை. முன்பக்கம் ஓடினான். முன்பக்கத்துக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. பூட்டே இல்லாத கதவு.

அலாரம். அது கத்தினால் மெர்லுக்குக் கேட்கும். மண்டியிட்டான். மடித்த ஓரத்தைப் பிடித்து இழுத்தான். வந்தது.

அடியில் இன்னொன்று. மடித்த ஓரம்.

இழுத்தான். இன்னொன்று.

இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் நோகாமல் வந்தன. எல்லாம் சில்லென்று. தரையில் சாம்பல் சுருள்கள் குவிந்தன. முட்டி வரை. இடுப்பு வரை. பெட்டி தென்படவே இல்லை. சுவர்தான் உள்ளே உள்ளே போனது.

மேலே, பாலிதீன் மொறுமொறுத்தது. யாரோ இடம் கொடுக்கத் தள்ளிப் படுக்கிற சத்தம்.

"நல்லா தூங்குக்கா," என்றது ஒரு குரல். கரகரப்பாக. மணல் பட்ட தொண்டை. பிறகு, கோபமே இல்லாமல், பழைய கேலியோடு: "என்ன மச்சான். இப்பவும் முதல்ல டேப்தானா?"

வெண்டல் நிமிர்ந்தான். கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகள் தொங்கின. ஒன்று நொரீனுடையது, கல்யாண மோதிரத்தோடு. இன்னொன்றில் மணல் ஒட்டிய மஞ்சள் கையுறை. அதன் விரல்கள் அவள் விரல்களைக் கோத்திருந்தன. விளிம்புக்கு மேலே நொரீனின் கன்னம் கொஞ்சம் தெரிந்தது. ரோஜா நிறம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த மாதிரி.

இப்போதாவது. சொல்லிவிட்டால் போதும். எப்படியென்று தெரியாது, ஆனால் போதும் என்று தெரிந்தது. நான்தான் ஒட்டினேன். கத்த வாயைத் திறக்கப் பார்த்தான்.

திறக்கவில்லை.

விரலைக் கொண்டுபோய் உதட்டைத் தொட்டான். உதடு இல்லை. வழவழப்பு. சில்லென்று. காதிலிருந்து காது வரை. தடவிக்கொண்டே போனான். வலது பக்கம், கீழே, நகத்தளவுக்கு ஒரு மடிப்பு.

நோகாமல் உரிப்பதற்காக அவனே விட்டுவைத்த மடிப்பு.

தரைக்கடியில் ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையருகே மோதிரக் கை மெல்ல ரோஜா நிறமாகிறது. வெண்டலின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இழுக்கவில்லை.