தரிசு என்றே எழுதிக்கொள்ளுங்கள்

ஆய்வுக்கு முந்தைய நாள் செவ்வாய்க் கோளில் வீட்டுக்கு வீடு மரம் வெட்டுவார்கள். பூவராகனும் அரிவாளோடு தன் முருங்கையடியில் நின்றான்.

அங்கே நிலம் யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் அரசு அறக்கட்டளையின் சொத்து. குடியேறியவர்கள் குத்தகைக்கு எடுத்து, காற்றுக்கூரை போட்டு, செத்த செம்மண்ணில் நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றி உயிர் கொடுத்திருந்தார்கள். தரிசுக்குச் சொற்ப வரி. பச்சை தெரிந்தால் விளைநில வரி. பூமியில் மாடி கட்டிவிட்டு, வரிக்குப் பயந்து சுவரைப் பூசாமலே குடியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்?

"இந்தத் தடவை விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி அமுதவல்லி. குத்தகை பூவராகனின் ஆயுளோடு முடிந்துவிடும். அப்புறம் மகள் எங்கே போவாள் என்பதே அவளுக்கு ஓயாத கவலை.

"மரத்தப் பாத்தான்னா வரியத் தீட்டிருவான். கம்முனு இரு."

மரம் சாய்ந்தது. கீரை அடுப்புக்குப் போனது. மிச்சமிருந்த அடிமரத்தைப் புழுதி போட்டு மூடினான்.

மறுநாள் ஆய்வியந்திரன் வந்தபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, சட்டம் மாறிவிட்டது. மண்ணில் ஒரு செடி பிழைத்திருந்தாலும் நிலம் உங்களுக்கே சொந்தம். வரியும் கிடையாது. ஏதாவது உண்டா?"

அமுதவல்லி எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "இருக்குங்க! முருங்க..."

"அவ ஏதோ ஊர் நெனப்புல உளர்றா" என்று பூவராகன் குறுக்கே விழுந்தான். "புல்லு பூண்டுகூட இல்லைங்க."

"தட்டில் இருக்கும் கீரை?"

"பூமியிலேர்ந்து கப்பல்ல வந்ததுங்க."

குத்தகைதாரர் சொல்தான் செல்லும். இயந்திரன் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

"வேரு உசுரோடதானே இருக்கு! கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று அவள் கெஞ்சினாள். "நெலம் நம்ம புள்ளைக்கு ஆயிடும்."

"அடி அசடே, கவர்மெண்ட்டு சும்மா குடுக்குமா? வரி போடறதுக்கு ஆழம் பாக்குறான்."

அக்கம்பக்கத்திலும் எல்லோரும் புத்திசாலிகளாகவே இருந்தார்கள். மாலையில் ஒலிபெருக்கி அறிவித்தது: "செவ்வாய் மண்ணில் எதுவும் முளைக்கவில்லை என்று மக்களே உறுதி கூறியுள்ளனர். எனவே நிலம் அறக்கட்டளையிடமே நீடிக்கும். மண்ணை வளப்படுத்துவதற்காகக் குத்தகைதாரர் அனைவரும் நாளை முதல் பசுமை வரி செலுத்த வேண்டும்."

அமுதவல்லி உட்கார்ந்து அழுதாள். பூவராகனுக்கோ பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா! வரி போடத்தான் வந்திருக்கான்னு அப்பவே சொன்னேன்ல?"