மூன்று மணிப் பால்

நூற்பு மில்லின் பின்கட்டில் இருந்த பிள்ளைக் காப்பக அறைக்கு ஜெயராம் வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டரை மணி. 1994-ஆம் வருடத்துச் சித்திரை. ஓட்டுக் கூரைக்கு மேல் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. கையில் புத்தம்புது ரிஜிஸ்தர், சட்டைப்பையில் பேனா, வாயில் வயிற்றெரிச்சல் மாத்திரை. தொழிலாளர் நல அதிகாரியாக அவன் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆயிரத்து இருநூறு பேரின் நலத்தைக் காக்க வந்தவனுக்கு ஒரு நாள்கூட நேரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் மாமனார் வீட்டில் இருக்கும் இரண்டு மாத மகள் ஸ்னேகாவைப் பார்க்க ஒரு ஞாயிறுகூட வாய்க்கவில்லை. இதை யாரிடம் புகார் செய்வது என்று பார்த்தால், விதிப்படி அவனிடம்தான் செய்ய வேண்டும்.

காலையில் மேனேஜர் விஸ்வேஸ்வரன் அவனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"நாளைக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு வே. பின்னால பிள்ளைக் காப்பகம் பூட்டிக் கிடக்குல்லா, அது ஒழுங்கா நடக்குத மாதிரி ரிஜிஸ்தர் வேணும். பத்துப் பிள்ளைக பேரை எழுதும். காலையில பத்து மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் தாய்மாரைப் பால் கொடுக்க விடுதோம்னு போட்டு, கீழ உம்ம கையெழுத்தைப் போடும்."

"அப்படி விடலையே சார்."

"விட்டா மிசினை யாரு பாப்பா, நீரா? உமக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைங்கது ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. மூன்று வருடம் வேலை தேடி அலைந்தவனுக்கு அதெல்லாம் மறக்காது.

வெளியே வந்தவனைச் சந்தனமாரி மறித்தாள். மிசினில் அறுந்துபோகும் நூலிழையை ஒட்டுகிற வேலை அவளுக்கு. மார்பை மூடித் துண்டைப் போர்த்தியிருந்தாள். துண்டையும் மீறி ஈரம் தெரிந்தது.

"சார், எங்க அத்தை சீவலப்பேரியிலருந்து பிள்ளையத் தூக்கிட்டு வந்து கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கா. மூணு மாசப் பிள்ளை. கால் மணி நேரம் விட்டாப் போதும். பால் கட்டிப்போயி உயிர் போவுது சார்."

"பாப்போம்மா" என்றான். நல அதிகாரிகள் வாயில் வரும் சொற்களிலேயே நலம் குறைந்தது அதுதான் என்று அவனுக்கே பட்டது.

சாவி கொண்டு வந்தவள் இசக்கியம்மா. ஒரு காலத்தில் அந்தக் காப்பகத்தின் ஆயா; இப்போது மில்லைப் பெருக்குகிறாள். பூட்டைத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வாங்க. பிள்ளைக பேரு நாலு சொல்லுங்க. எனக்குக் கற்பனை கம்மி."

"நான் வரல சார். மூணு அடிக்கதுக்குள்ள நீங்களும் வெளிய வந்திருங்க."

"ஏன், மூணு மணிக்குப் பேய் டூட்டிக்கு வருதா?"

இசக்கியம்மா சிரிக்கவில்லை.

உள்ளே நீளமான இரும்புக் குழாயில் பத்துத் துணித்தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. மில்லிலிருந்து பறந்து வந்த பஞ்சுத்தூசி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நூல் நூற்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் சுற்றும் இரைச்சல். காலுக்குக் கீழே தரை விடாமல் அதிர்ந்தது. ஜன்னல் ஒன்றுதான். அதையும் பலகை வைத்து அடித்திருந்தார்கள்.

ஜெயராம் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அத்தை பிள்ளைகள், தெருப் பிள்ளைகள், கூடப் படித்தவனின் பிள்ளைகள். ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதுக்கு எவ்வளவு யோசித்தும் ஒரு பெயரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் 'ஸ்னேகா' என்று எழுதினான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

புளித்த பால் வாடை. இளஞ்சூடாக, மூக்குக்கு மிக அருகில்.

தலையை நிமிர்த்தினான். கடைசித் தொட்டிலில் பஞ்சுத்தூசி இல்லை. துவைத்துக் கட்டியது போலத் துணி பளிச்சென்று இருந்தது.

துணியின் அடிப்பக்கம் கனத்துத் தொங்கியது.

மில்லின் மணி மூன்று அடித்தது.

தொட்டில் பைய, மிக மெதுவாக, ஆடியது. மற்ற ஒன்பதும் அசையவில்லை. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவே வேறொரு சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அழுது ஓய்ந்து, இனி யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துபோன குழந்தை தன் விரலைச் சப்பும் சத்தம். பெயர் வைத்த அன்று ஸ்னேகாவிடம் அவன் கேட்ட அதே சத்தம்.

எழுந்து கதவுக்கு ஓடினான்.

கதவு சாத்தியிருந்தது.

இழுத்தான். இரண்டு கையாலும் அறைந்தான். "இசக்கியம்மா" என்று கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கூரையிலிருந்து சூடு இறங்கி நெஞ்சை அடைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த இரைச்சலில் இங்கே இருந்து யார் கத்தினாலும் வெளியே ஒரு காதுக்கும் போய்ச் சேராது.

யாருடைய கத்தலும் போய்ச் சேர்ந்திருக்காது.

முதுகுக்குப் பின்னால் சப்பும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கதவுப் பலகைமேல் நெற்றியை வைத்தபடி, மகளிடம் பேசுவது போலச் சொன்னான்:

"இரு கண்ணு. கூட்டிட்டு வாரேன்."

வெளிச்சம் முகத்தில் அடித்தது. இசக்கியம்மா படியிலேயே நின்றிருந்தாள்.

"ஏன் கதவைச் சாத்துனீங்க?"

"நான் தொடல சார். திறந்துதான் கிடக்கு. நீங்கதான் செவுத்தை அறைஞ்சிக்கிட்டு நின்னீக." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கலையரசி பிள்ளை சார் அது. நாலு வருஷம் ஆச்சு. அன்னைக்கும் இன்ஸ்பெக்டர் வாராருன்னுதான் என்னை முன்வாசல் பெருக்கக் கூட்டிட்டுப் போனாக. ஒத்தப் பிள்ளைதான, பூட்டிட்டு வான்னாக. பூட்டினேன். மூணு மணிக்குத் தாயை விடல. பெரியாள் வார நேரம், ஒருத்தியும் மிசினை விட்டு நகரக் கூடாதுன்னுட்டாக. ஆறு மணிக்குத்தான் திறந்தோம்."

"கலையரசி?"

"ஊரை விட்டே போயிட்டா. பிள்ளைதான் போவல."

ஜெயராம் ரிஜிஸ்தரில் எழுதிய பக்கத்தைக் கிழித்தான். இழுத்த வேகத்தில் அட்டையும் சேர்ந்து கிழிந்தது.

மிசின் கூடத்தில் வரிசை வரிசையாக இழைகள் அறுந்து கிடந்தன. கைக்குழந்தைக்காரிகள் நாலைந்து பேர் ஒட்டுவதை விட்டுவிட்டு, பின்கட்டுச் சுவரையே பார்த்து நின்றார்கள். எல்லார் முன்பக்கமும் நனைந்திருந்தது. அவன் சந்தனமாரியிடம் போய், "பிள்ளையத் தூக்கிட்டு வாங்க" என்றான்.

விஸ்வேஸ்வரன் குறுக்கே வந்தார். "என்ன வே இது? கையெழுத்துப் போட்டீரா?"

"மூணு மணிக்குப் பால் கொடுக்க விடுதோம்னு எழுதச் சொன்னீங்க. முதல்ல விடுவோம் சார், அப்புறம் எழுதுதேன்."

"நாளைக்கு நீர் இங்கன இருக்க மாட்டீரு."

"இன்னைக்கு இருக்கேன்லா சார்."

சந்தனமாரி குழந்தையோடு காப்பகத்துக்குள் போனாள். இந்தத் தடவை இசக்கியம்மாவும் கூடப் போனாள். ஜெயராம் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலையும் போச்சு, நாளைக்கே அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு எரியவில்லை.

உள்ளே இரண்டு பெண்களும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஒரு பக்கந்தான்க்கா குடிச்சா. அதுக்குள்ள உறங்கிட்டா."

"ஏட்டி, மறுபக்கம் கட்டிக்கிடுமே."

"இல்லக்கா. அதுவும் வத்திட்டு."

சந்தனமாரியே மேலே பேசினாள். அவள் குரலில் பயம் துளிகூட இல்லை. அதைக் கேட்டுத்தான் ஜெயராமின் முதுகு சில்லிட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கும் வரணும்க்கா. கடைசித் தொட்டில் பிள்ளைகிட்ட பைய குடின்னு சொல்லணும். அதுக்குப் பல்லு முளைச்சிருக்கு."