தொடாமல் நகர்ந்த கோடு

மேடம் ஊய் லக்சா நூடுல்ஸ் கிண்ணத்தில் பாதியைக்கூடக் காலி செய்யவில்லை. மிஸ்டர் கூ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு வெள்ளைத் தாடை மாதிரியை அவருடைய மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் தேன் நிறத்தில் வளைந்த சிறு சட்டம் ஒன்றையும் வைத்தார்.

“என் கம்பெனியில ஒருத்தி இத வேணும்னே கெடுத்திருக்கா மேடம். நாளைக்குக் காலைல இத வெச்சுத்தான் ஒரு மனுஷனோட தாடைய அறுக்கப் போறாங்க.”

மேடம் ஊய் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பினாங்கில் தொழிற்சாலைகளுக்குள் நடக்கும் தகராறுகளையும் திருட்டுகளையும் போலீசுக்குப் போகும் முன் விசாரித்துக் கொடுப்பது அவர் தொழில். உதவியாளன் சுல்கர்னைன், சுருக்கமாகச் சுல், முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன். ஆள் யார் என்று முதலில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுகிறவன்.

“உட்காருங்க. யாரோட தாடை?” என்று கேட்டார் மேடம் ஊய்.

“பஹாரோம்னு பேரு. மீன்பிடிக்கிறவர். அவங்க ஊர் மசூதியில பாங்கு சொல்றதும் அவர்தான். தாடை எலும்புக்குள்ள கேன்சர். கெட்ட பகுதிய வெட்டி எடுத்துட்டு, கால் எலும்புல கொஞ்சம் எடுத்து அங்க வெச்சுக் கட்டுவாங்க. எங்க வெட்டணும்னு காட்டறதுக்குத்தான் இந்தச் சட்டம். பல்லுமேல பொருந்தி உட்காரும். இந்தப் பிளவுக்குள்ள ரம்பத்த விட்டா, அது வேற எங்கயும் போக முடியாது.”

டாக்டர் கையெழுத்திட்ட வரைபடத்தின்படி அந்தச் சட்டத்தை அன்று காலை கூவின் கம்பெனியில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாக்கியிருந்தார்கள். அளந்து பார்த்தபோது பிளவு ஆறு மில்லிமீட்டர் முகவாய்ப் பக்கம் தள்ளியிருந்தது. கையெழுத்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் அந்த வரைபடக் கோப்பைத் திறந்தது ஒரே ஒருத்தி, அதை வரைந்த ரினாய். சரவாக் மாநிலத்துக்காரி. வேலையை விட்டுவிட்டு வார முடிவில் அங்கே கூச்சிங் நகருக்குப் போகிறாள்.

“போற போக்குல என் பேரக் கெடுத்துட்டுப் போறா. அவ கம்ப்யூட்டரப் பூட்டிட்டேன். பழைய வரைபடத்துப்படி வேற ஆள வெச்சுப் புதுசா ஒண்ணு அடிக்கச் சொல்லியாச்சு. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அப்புறம் என்ன மேடம்,” என்றான் சுல். “திறந்தது அவ, கிளம்பறதும் அவ.”

மேடம் ஊய் தேன் நிறச் சட்டத்தை எடுத்து வெள்ளைத் தாடையின் பற்கள்மேல் வைத்து, விரலால் லேசாக அழுத்தினார். அது ஆடியது. முன்பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. பின்பக்கம் மட்டும் கடைசிப் பல்லில் இடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது.

“பாருங்க, இதையும் கெடுத்திருக்கா,” என்றார் கூ.

“இந்த வெள்ளைத் தாடை எப்ப செஞ்சது?”

“வேலை வந்தப்பவே. முதல் ஸ்கேன்லேருந்து.”

மேடம் ஊய் சட்டத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குழி இருந்தது. கடைசியில் மட்டும் குழி இல்லை. அந்த இடம் மேடாக, ஈறுபோல வழுவழுப்பாக இருந்தது.

“கிளம்பலாம்,” என்றார்.

பாயான் லெப்பாஸ் பகுதியில் இருந்த அந்தக் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் ரினாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த கோப்பி ஆறிப்போய்ப் பாலாடை கட்டியிருந்தது.

“நான் திறந்தது நிஜம்,” என்றாள் அவள். “இயந்திரத்துக்கு அனுப்பணும்னா திறந்துதான் ஆகணும். திறந்தேன், அனுப்பினேன், மூடினேன். ஒரு கோடுகூடத் தொடல. என்னன்னு பாக்கறேன்னா, என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விட மாட்டேங்கறாரு. எதிரிக் கம்பெனிக்குப் போறேன்னு நினைப்பு. கூச்சிங்ல எனக்குக் கல்யாணம், அவ்வளவுதான்.”

“தொடாம எப்படிம்மா நகரும்? கோட்டுக்குக் காலா முளைச்சிருக்கு?” என்றான் சுல்.

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

வாசலில் நின்றிருந்த ரொஹானிசா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ஸ்கேன்களை வாங்கி வைப்பவள் அவள். “ரினாய் அப்படிப்பட்டவ இல்ல சார். வரைபடத்துப் பக்கம் நானும் போகல. என் வேலை ஸ்கேன் மட்டும்தான். ரெண்டு தடவையும் இறக்கி அதோட இடத்துல வெச்சேன், அத்தோட சரி.”

சுல் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க வாசல்வரை போனான். மேடம் ஊய் நகரவில்லை. தனக்கு ஒரு கோப்பி ஊற்றிக்கொண்டு ரினாயின் எதிரில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் பிளவு எங்க வரணும்னு கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொன்ன? அளவ எண்ணா அடிச்சியா?”

“இல்ல மேடம்.” ரினாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நோய் எதுவரைக்கும் இருக்குன்னு ஆஸ்பத்திரியிலயே ஸ்கேன்ல சிவப்பா எல்லை போட்டு அனுப்புவாங்க. அந்த எல்லையோட ஓரத்தையே பிடிச்சு என் வரைபடத்துக்குள்ள கொண்டுவந்தேன். அங்கேருந்து டாக்டர் சொன்ன ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிளவு. பல்லுக்கான குழியும் அப்படித்தான், பல்லோட வடிவத்துலேருந்தே எடுத்தது. நானா எண் அடிச்சா, அது நான் நினைச்ச இடத்துல நிக்கும். நான் நினைச்சது தப்பா இருந்தா?”

மேடம் ஊய் கோப்பியைக் குடிக்காமலே எழுந்தார். “சுல், மிஸ்டர் கூவக் கூப்பிடு. டாக்டருக்கும் போன் போடு. எல்லாரும் அவ கம்ப்யூட்டர்கிட்ட வரட்டும்.”

கூட்டம் சிறியதுதான்: கூ, ரினாய், ரொஹானிசா, சுல். அறுவை செய்யப்போகும் டாக்டர் யோகேஸ்வரியின் குரல் மேசைமேல் இருந்த கைப்பேசியிலிருந்து வந்தது. பக்கத்து அறையில் இரண்டாவது சட்டத்தை அச்சடிக்கும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

“டாக்டர், பஹாரோமுக்குச் சமீபத்துல பல்லு எடுத்தீங்களா? கடைசிப் பல்லு?” என்று கேட்டார் மேடம் ஊய்.

“ஆமா. ஆடிட்டு இருந்துச்சு, போன வாரம் எடுத்துட்டோம். உங்களுக்கு யார் சொன்னது?”

“இந்தச் சட்டம்தான் சொல்லுச்சு.” மேடம் ஊய் அதன் அடிப்பக்கத்தைக் கூவின் முன்னால் திருப்பினார். “கெடுக்கணும்னு நினைக்கிறவ பிளவ நகர்த்துவா. இல்லாத பல்லோட குழிய எதுக்கு மூடணும்? அந்த ஆளோட வாயில இன்னைக்கு அந்தப் பல்லு இல்லங்கறது இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு. அது அவர் வாயோட புது ஸ்கேன்லேருந்து மட்டும்தான் வந்திருக்க முடியும்.” பிறகு ரொஹானிசாவைப் பார்த்தார். “ரெண்டு தடவையும் இறக்கினேன்னு சொன்ன இல்ல?”

ரொஹானிசா தலையாட்டினாள். “அதே பேர்ல மறுபடி வந்துச்சு மேடம். திரும்ப அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு, பழசு மேலயே வெச்சுட்டேன். யாரும் ஸ்கேனப் பத்திக் கேக்கவே இல்லையே. எல்லாரும் சட்டத்தப் பத்தித்தான் கேட்டாங்க.”

“பல்லு எடுத்ததால இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொன்னது நான்தான்,” என்றார் டாக்டர். “குறிப்பு எழுதாமலேயே அனுப்பிட்டாங்க போல. சரி, அதுக்கும் பிளவுக்கும் என்ன சம்பந்தம்?”

“பழைய ஸ்கேன் இருக்கா?” என்று கேட்டார் மேடம் ஊய். தனியாகச் சேமித்து வைத்த பிரதி இருந்தது. “மிஸ்டர் கூ, பூட்டத் திறங்க. இனிமே அவ காட்டட்டும்.”

ரினாய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் சாம்பல் நிறத் தாடை எழுந்தது. ஒரு பக்கத்தில் சிவப்புத் திட்டு, அதற்குச் சற்றுத் தள்ளித் தேன் நிறச் சட்டம், அதில் பிளவு. அவள் சட்டத்தைத் தொடவில்லை. அடியில் இருந்த ஸ்கேனை மட்டும் எடுத்துவிட்டுப் பழையதை வைத்தாள்.

திரை ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு பின்பக்கத்தில் ஒரு பல் தோன்றியது. அதன்மேல் சட்டம் தானாகவே குழிந்துகொடுத்தது. சிவப்புத் திட்டு சுருங்கியது. பிளவு மெல்லப் பின்னால் வந்து, டாக்டர் கையெழுத்திட்ட இடத்தில் போய் நின்றது.

ரினாய் மறுபடியும் புது ஸ்கேனை வைத்தாள். பல் மறைந்தது. சிவப்பு முன்னால் பரவியது. அது எவ்வளவு பரவியதோ அவ்வளவு தூரம், ஒரு மயிரிழைகூடக் குறையாமல், பிளவும் விலகிப் போனது. நெருப்பு நெருங்க நெருங்கப் பின்வாங்கும் மனிதன்போல, அந்த ஒரு சென்டிமீட்டரை அது விட்டுக்கொடுக்கவில்லை.

சுல் திரையருகே குனிந்தான். “அப்ப இது கெட்டுப்போன சட்டம் இல்ல,” என்றான் மெதுவாக. “கெட்டுப்போனது அங்க அச்சடிச்சுக்கிட்டு இருக்கறதுதான்.”

“நோய் வளர்ந்திருக்கு,” என்றார் மேடம் ஊய். “நம்ம யாருக்கும் தெரியல. கோடு தன் இடத்த நோயோட ஓரத்துலேருந்து கடன் வாங்கியிருந்துச்சு. ஓரம் போனா அதுவும் கூடப் போகணும், அதுக்கு வேற வழி கிடையாது.” கொஞ்சம் நிறுத்தித் திரையையே பார்த்தார். “நான் எத்தனையோ பொய்யக் கண்டுபிடிச்சிருக்கேன் மிஸ்டர் கூ. ஒரு வரைபடம் நம்மளவிட நிஜத்துக்குப் பக்கத்துல நிக்கறத இப்பதான் பாக்கறேன்.”

புது ஸ்கேனைத் தன் திரையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர்.

“வளர்ந்துதான் இருக்கு,” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. “வெறும் பல்லுக்காகத்தான் மறுபடி எடுக்கச் சொன்னேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்காதது என் தப்பு. அந்த நகர்ந்த சட்டத்தையே அனுப்புங்க. புது வரைபடத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

மிஸ்டர் கூ எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். முனகல் நின்றது. பாதி அச்சான சட்டத்தைக் கையில் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் இரண்டாக ஒடித்தார். துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

“நானே இத அனுப்பியிருப்பேன் ரினாய். தப்பத் திருத்திட்டோம்னு சந்தோஷமா அனுப்பியிருப்பேன்.” அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “உன்ன என்னென்னவோ சொல்லிட்டேன். மன்னிச்சுக்க.”

“கம்ப்யூட்டரப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் பாஸ்,” என்றாள் ரினாய். சட்டத்தைப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தானே எடுத்துப் போனாள்.

மறுநாள் பிற்பகல் மேடம் ஊய் தன் அறிக்கையைக் கொடுக்கப் போனபோது, ரினாய் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் கூவின் கைப்பேசி அடித்தது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அதை அவளிடம் நீட்டினார்.

“டாக்டர். அந்தக் கோட்ட வரைஞ்சவகிட்டத்தான் பேசணுமாம்.”

அவள் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் சொன்னது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. ரினாய் ‘ம்’ கொட்டினாள், மறுபடியும் ‘ம்’ கொட்டினாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வெட்டின ஓரத்தச் சோதிச்சுப் பாத்துட்டாங்களாம்,” என்றாள், கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல். “சுத்தமா இருக்காம். உள்ள ஒண்ணும் மிச்சமில்லையாம்.”