பிராசசரில் ஒட்டிய பசை

சாம்பல் புதன் காலை எட்டு மணிக்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாம் மாடியில், ஒரு குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மைக்கேல். ஊருக்கு அறிவித்தவரும் மைக்கேல். தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அவர் அதிகம் வேலை வைப்பதில்லை.

"மேரி! இது பழசு! புதுசுன்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டான்!"

அடுக்களையில் அக்கா அன்னமேரியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெரோனிக்கா குவளையை வைத்தாள். ஈப்போவில் போலீஸ் இன்ஸ்பெக்டர். நாலு நாள் விடுப்பில் அக்கா வீட்டுக்கு வந்தவள். விடுப்பில் குற்றம் பார்ப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். அத்தான் இருக்கிற வீட்டில் எந்தக் கொள்கை நிலைத்திருக்கிறது?

கூடத்து மேசையில் கணினி ஒன்று பாதி பொருத்தப்பட்டுக் கிடந்தது. கத்தோலிக்கக் கோயிலின் பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதற்காக, கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை அதை வாங்கச் சொல்லியிருந்தது. பாகங்களைப் பொருத்தும் பொறுப்பை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான மைக்கேல் தாமே எடுத்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு வீடியோ பார்த்ததில் அவருக்கு அந்தத் தகுதி வந்திருந்தது.

அவர் கையில் கணினியின் மூளையான பிராசசர். அதன் உலோக மூடியில், எதிரெதிர் ஓரங்களில், சாம்பல் நிறத்தில் இரண்டு தீற்றல்கள்.

"தெர்மல் பேஸ்ட்" என்றார் மைக்கேல், நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் போல. "சூடு இறங்குறதுக்காகப் பிராசசருக்கும் காத்தாடிக்கும் நடுவுல தடவுற பசை. புதுசுல இது இருக்கவே கூடாது. இருந்தா, ஏற்கெனவே எவனோ ஓட்டிட்டுக் கொடுத்திருக்கான்னு அர்த்தம்."

"யாரு கடை, அத்தான்?"

"ஜெலுத்தோங்ல நம்ம டேரில் பையன் கடை. நம்ம பங்குப் பையன்னு நம்பி வாங்கினேன் பாரு!"

"பிராசசர் வந்த பெட்டியோட சீல் எப்படி இருந்திச்சு?"

"அப்படியே இருந்திச்சு. நானே வெட்டினேன். இப்பத்தான், பூசையிலேருந்து வந்ததும் வராததுமா."

"ராத்திரி பெட்டி எங்க?"

"அலமாரியில. பூட்டி, சாவி என் பாக்கெட்ல."

"டெஸ்மண்ட்?"

மகன் பெயரைக் கேட்டதும் அன்னமேரி எட்டிப் பார்த்தாள். "அவன் மாக் மண்டின் பேக்டரியில ராத்திரி ஷிப்ட்லா, வெரோ. இன்னும் வீட்டுக்கே வரல. எம்புள்ளைய இழுக்காத."

"யாரையும் இழுக்கல அக்கா. ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிக்கிட்டு இருக்கேன்." அவள் குனிந்து பார்த்தாள். "நடுவுல சுத்தமா இருக்கே, அத்தான். பசைய நடுவுலதானே வைப்பாங்க?"

"நடுவுல தொடச்சிருப்பான். ஓரத்துல விட்டுட்டான். திருடன் எங்கயாவது ஒரு தடயம் விடுவான்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொன்னார்.

அதற்குள் படம் எடுத்து, பங்கு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாகிவிட்டது. பிராசசரை வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, பூசையில் ஃபாதர் நற்கருணையை உயர்த்துவது போல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியிருந்தார். கீழே வாசகம்: "அன்பர்களே, விழிப்பாயிருங்கள். ஜெலுத்தோங்கில் ஒரு கடை..." பெயர் போடவில்லை. ஜெலுத்தோங்கில் பங்கைச் சேர்ந்தவர் வைத்திருக்கும் கணினிக் கடை ஒன்றே ஒன்று என்பதால் போடத் தேவையும் இருக்கவில்லை.

வெரோனிக்கா கைப்பேசியில் டேரிலைக் கூப்பிட்டாள். "பேஸ்ட் டியூப் ஒண்ணு எடுத்துக்கிட்டு உடனே வா தம்பி."

அவன் வரும்வரை பால்கனியில் நின்றாள். மலையுச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. காலையில் நடந்ததை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெற்றியில் சாம்பல் சிலுவை இட ஃபாதருக்குத் துணையாக இவ்வருடம் மைக்கேலையும் நிறுத்தியிருந்தார்கள். அத்தான் வரிசையில் போனால் சாம்பலோடு புத்திமதியும் கிடைக்கும் என்று அவள் ஃபாதர் வரிசைக்குப் போனாள். திரும்பி வரும்போது கார் முழுக்க அவர் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் பெருமைதான். தண்ணீரில் குழைத்தால் சாம்பல் காய்ந்து கண்ணில் கொட்டுமாம். ஆலிவ் எண்ணெயில் குழைக்கச் சொன்னது இவராம். "எப்படி ஒட்டியிருக்கு பாரு!" இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். ஆசீர்வதித்த சாம்பல் சாக்கடைக்குப் போகக் கூடாது. சாம்பல் இட்ட கையைக் குழாயில் கழுவக் கூடாது. கழுவும் தண்ணீர் மண்ணில்தான் விழ வேண்டும்.

காலருகே கறிவேப்பிலைத் தொட்டி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை நிறையத் தண்ணீர், அதன்மேல் அரை எலுமிச்சம்பழம். அவள் கோப்பையை நகர்த்தப் போனாள்.

"அதத் தொடாத வெரோ" என்றாள் அன்னமேரி. "அத்தானுக்கு வெச்சது. பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே வெச்சேன்."

வெரோனிக்கா கையை எடுத்தாள். கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எட்டே முக்காலுக்கு டேரில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் கருத்த சிலுவை.

"அங்கிள், ஒரு போன் போட்டிருக்கலாம்லா! குரூப்ல போட்டுட்டீங்க. ரெண்டு பேரு ஆர்டர் வேணாம்ட்டாங்க. என் கடைக்கு வர்றதுல பாதிப் பேரு நம்ம கோயில் ஆளுங்க. இன்னிக்கு ஷட்டரத் தூக்கவே மனசில்ல."

"உண்மை கசக்கும் தம்பி."

"சீல நான் தொடல அங்கிள். சத்தியமா."

"சூடு காத்து அடிச்சா சீல் பிரியும். வீடியோவில காட்டியிருக்கான்."

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் வெரோனிக்கா. குரல் உயரவில்லை. ஈப்போவில் பலரை உட்கார வைத்த குரல் அது. மைக்கேலும் உட்கார்ந்தார்.

மேசையில் மூன்று வெள்ளை டிஷ்யூ விரித்தாள். முதலாவதில் டேரிலின் டியூபிலிருந்து துளி பேஸ்ட். இரண்டாவதால் பிராசசரின் ஓரத்தை ஒற்றி எடுத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் குனி தம்பி" என்று டேரிலின் நெற்றியை ஒற்றினாள்.

"அக்கா, நீ சமைக்கிறவ. தொட்டுப் பாத்து, மோந்து பாத்துச் சொல்லு."

அன்னமேரி முதலாவதைத் தேய்த்தாள். "பற்பசை மாதிரி வழவழன்னு இருக்கு." இரண்டாவது. "இது நறநறங்குது. கருப்புப் பொடி. எண்ணெய் வாசம்..." மூன்றாவதை முகர்ந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டும் ஒண்ணேதான்! நம்ம ஆலிவ் எண்ணெய்! என் அடுக்களையிலேருந்து போன பாட்டில்!"

"பாத்தியா!" என்று மைக்கேல் எழுந்தார். "சாம்பல் கையோட இவன் பெட்டியத் திறந்து..."

"பெட்டிய நேத்தே வாங்கி உங்க அலமாரியில பூட்டிட்டீங்க, அத்தான். சாம்பல் குழைச்சது இன்னிக்குக் காலையில. அந்தச் சாம்பல் பட்டதுக்கு அப்புறம் இந்தப் பெட்டியத் திறந்தது ஒரே ஒரு ஆளு."

"நெத்தியில எல்லாருக்குந்தான் சாம்பல் இருக்கு!"

"நெத்தியால யாரும் பிராசசரத் தூக்க மாட்டாங்க. தீற்றல் எதிரெதிர் ஓரத்துல இருக்கு. ரெண்டு விரலால கவ்விப் பிடிக்கிற இடம். சாம்பல் இட்ட ஆளோட கை பட்ட இடம்."

"நான் கை கழுவிட்டுத்தான்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"எங்க கழுவினீங்க? குழாயிலயா? கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. மண்ணுலன்னா, அக்கா தொட்டியோரம் வெச்ச கோப்பை தளும்பத் தளும்ப அப்படியே இருக்கு. எலுமிச்சம்பழத்தப் பிழியக்கூட இல்ல. கதவத் திறந்ததும் நேரா அலமாரிக்குப் போயிட்டீங்க."

"கையக் காட்டுங்க" என்றாள் அன்னமேரி.

மைக்கேல் இடக்கையை நீட்டினார்.

"அது இல்லைங்க. இன்னொண்ணு."

வலக்கை மெல்ல வந்தது. பெருவிரலின் ரேகைகளிலும் நக இடுக்கிலும் கருமை எண்ணெயோடு மின்னியது. உண்மையிலேயே நன்றாக ஒட்டியிருந்தது. சீர்திருத்தம் வெற்றிதான்.

"குரூப்ல போட்ட படத்தப் பெருசாக்கிப் பாருங்க" என்றாள் வெரோனிக்கா. "குற்றவாளியும் அதுலயே இருக்காரு. எல்லாரும் பிராசசரப் பாத்தாங்க. விரல யாரும் பாக்கல."

மைக்கேல் உட்கார்ந்தார். இன்று நோன்பு என்று காலையிலிருந்து ஆறு தடவையாவது சொல்லியிருந்தார். முதல் தடவையாக நோன்பிருப்பவரைப் போலத் தெரிந்தார். பிறகு கைப்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார்: "அன்பர்களே, தவிர்க்க இயலாத சில தொழில்நுட்பக் காரணங்களால்..."

வெரோனிக்கா எட்டிப் பார்த்து அதை அழித்தாள். "அத்தான், ரெண்டே வரி. சாம்பல் உங்க விரல்ல இருந்திச்சு. டேரில் கொடுத்தது புதுசு."

"அது ஒரு மாதிரி..."

"இந்தப் பையனுக்கு இன்னிக்குக் காலையில நெத்தியில சிலுவை போட்டது யாரு?"

"அங்கிள்தான் ஆண்ட்டி" என்றான் டேரில். "மனம் திரும்புன்னு சொன்னாரு."

மைக்கேல் இரண்டு வரி எழுதினார். கொஞ்சம் யோசித்து, யாரும் கேட்காமலேயே, மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்: "தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." அனுப்பினார். திரையில் பெருவிரல் பட்ட இடத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தது.

சற்று நேரத்தில் டேரிலின் பைக்குள் கைப்பேசி ஒலித்தது. ஆர்டர் வேண்டாமென்ற ஒருவர், கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டிருந்தார். மற்றவரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. டேரில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிராசசரை ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, கணினியின் பலகையில் பொருத்தி, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தான்.

"இதுதான் அங்கிள் தெர்மல் பேஸ்ட்."

மைக்கேலுக்குத் தாங்கவில்லை. வீடியோவில் பார்த்தது கைக்கு வந்துவிட்டது. "இரு இரு, காத்தாடிய நான் வைக்கிறேன்" என்று வலக்கையை நீட்டினார்.

டேரில் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மொதல்ல அந்தக் கோப்பைத் தண்ணியச் செடிக்கு ஊத்திட்டு வாங்க, அங்கிள்."